ஜூன் முப்பத்தொன்று

தையல்காரியின் தம்பிக்கு இரண்டு வருடத் தண்டனை. லாரியின் பிரேக் பிடிக்காமல் தபால் நிலையத்தின் சுற்றுச்சுவரில் மோதிவிட்டான். ஆளுக்குச் சேதமில்லை, சுவருக்குத்தான் சேதம். ஆனாலும் அது அரசாங்கச் சுவர். ஜூலை முதல் தேதி உள்ளே போனவன் இரண்டு வருடம் கழித்து ஜூன் முப்பதாம் தேதி வெளியே வர வேண்டும். ஐந்து வயதான அவன் மகளே விரல் விட்டுச் சொல்லிவிடுவாள். ஆனால் ஜெயிலுக்குப் போன உத்தரவை எழுதியது ஐந்து வயதுக் குழந்தை இல்லையே, முப்பது வருட அனுபவமுள்ள கோர்ட் குமாஸ்தா ஆயிற்றே. விடுதலை நாள் என்ற கட்டத்தில் அவர் ஜூன் 31 என்று எழுதி, அதன்மேல் வட்ட முத்திரை குத்தி, மறு வாரம் ஓய்வு பெற்று, அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போயும் சேர்ந்தார்.

இது தெரியாமல் தையல்காரி ஜூன் முப்பதாம் தேதி காலையில் குழந்தைக்குப் புது கவுன் போட்டு ஜெயில் வாசலுக்கு அழைத்துப் போனாள். அந்தக் குழந்தை பிறந்தபோதே தாயைப் பறிகொடுத்தது. தையல் மிஷின் சத்தத்திலேயே தூங்கி எழுந்து வளர்ந்தது. ஜெயிலர் ஃபைலைத் திறந்து பார்த்தார்.

"முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கும்மா. நாளைக்கு வாங்க."

மறுநாள் போனாள்.

"இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டார் ஜெயிலர்.

"ஜூலை ஒண்ணுங்க."

"அப்போ முப்பத்தொண்ணு இன்னும் வரலையே."

"அது வராதுங்க. ஜூன்ல அப்படி ஒரு தேதியே கிடையாது."

ஜெயிலர் எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டிப் பார்த்தார். ஜூனுக்குப் பின்பக்கமும் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"இல்லைதான். ஆனா வராதுன்னு முடிவு பண்ண நான் யாரும்மா? வெறும் ஜெயிலர். அந்தத் தேதி வரட்டும், காலையில ஆறு மணிக்கே கதவைத் திறந்து விட்டுடறேன். ஒரு நிமிஷம் பிந்தினா என்னைக் கேளுங்க."

அவர் கெட்ட மனிதர் இல்லை. குழந்தைக்கு ஒரு மிட்டாய்கூடக் கொடுத்தார். இந்தக் கதையில் கெட்ட மனிதர் யாருமே கிடையாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வில்லனைத் தேடிக்கொண்டு யாரும் சிரமப்பட வேண்டாம்.

கீழ்க்கோர்ட்டில் மனுப் போட்டார்கள். அங்கிருந்த நீதிபதி இது பிழைதான் என்று ஒரே பார்வையில் ஒப்புக்கொண்டார். ஆனால் உத்தரவில் உள்ள பிழையை எழுதியவரே திருத்திக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. எழுதியவர் இறந்துவிட்டார் என்று வக்கீல் சொன்னார். அவர் திரும்பி வரும் வாய்ப்பு உண்டா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் மேல்கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்று வருத்தத்தோடு அனுப்பி வைத்தார். இதற்குள் நவம்பர் வந்துவிட்டது.

மேல்கோர்ட்டின் நீண்ட நடைபாதையில் இருபுறமும் பெரிய பெரிய எண்ணெய்ச் சித்திரங்கள் தொங்கின. எல்லாம் நீதிபதிகள். அவள் சட்டை தைப்பவள். முகத்தைப் பார்க்கும் முன்பே அங்கியின் கழுத்துப்பட்டையைத்தான் பார்த்தாள்.

"இங்கே இருந்த எல்லா நீதிபதியோட படமுமாங்க?" என்று வக்கீலிடம் கேட்டாள்.

வக்கீலுக்கு அவள் அறியாமை சிரிப்பை வரவழைத்தது. "எல்லாரும் எப்படிம்மா சுவருக்கு வர முடியும்? தனியா மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினவங்களுக்கு மட்டும்தான் படம். மத்தவங்களோட ஒத்துப்போனவருக்கு ஓய்வு பெறும்போது ஒரு சால்வையோட சரி."

"ஒத்துப்போறது தப்புங்களா?"

"தப்பில்லை. ஆனா மூணு நீதிபதி ஒரே மாதிரி சொன்னா, யோசிக்காம சொல்லிட்டாங்கன்னு ஊர் பேசும். இந்தக் கோர்ட்டுல நாற்பது வருஷமா ஒருமனதா ஒரு தீர்ப்பு வந்ததில்லை, தெரியுமா? போன மாசம் ஒரு கிணறு வழக்கு. யார் பார்த்தாலும் கிணறு நம்ம கட்சிக்காரரோடதுதான். ஆனா ஒருத்தர் மட்டும் அது கிணறே இல்லைன்னு தொண்ணூறு பக்கம் எழுதினார். என்ன தமிழ்! மத்த ரெண்டு பேரும் நிம்மதியா ஒண்ணு சேர்ந்து நமக்கே கிணத்தைக் கொடுத்துட்டாங்க. அவருக்குப் படம், நமக்குக் கிணறு."

தையல்காரிக்கு அதில் நம்பிக்கை பிறந்தது. கிணறே இல்லை என்று எழுதியவர் இருக்கும் இடத்தில்கூடக் கிணறு கிடைத்திருக்கிறது அல்லவா.

மணியடித்ததும் எல்லோரும் எழுந்து நின்று மூன்று முறை குனிந்தார்கள். காலியான நாற்காலிகளுக்கு முதல் வணக்கம், நீதிபதிகள் வரும்போது இரண்டாவது, அவர்கள் உட்கார்ந்ததும் மூன்றாவது. நடுவில் தலைமை நீதிபதி. அங்கியின் இடதுபக்க ஓரத்தில் தையல் விட்டு நூல் தொங்கியது. வலப்பக்கம் இருந்தவர் ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருமினார்; அவரை அவள் மனதுக்குள் இருமல்காரர் என்று வைத்துக்கொண்டாள். இடப்பக்கம் ஒரு பெண் நீதிபதி, கோர்ட்டில் எல்லோரும் அம்மையார் என்றே சொன்னார்கள்.

வக்கீல் விஷயத்தைச் சொல்லி முடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று. சொல்வதற்கு அவ்வளவுதான் இருந்தது.

தலைமை நீதிபதி கண்ணை மூடிக்கொண்டார். "ஜூன் முப்பத்தொண்ணு இல்லைங்கறீங்க. இல்லாத ஒண்ணை இல்லைன்னு எப்படி நிரூபிப்பீங்க?"

வக்கீல் ஒரு காலண்டரை நீட்டினார். அது தையல்காரியின் கடைச் சுவரிலிருந்து கழற்றி வந்தது.

இருமல்காரர் இருமினார். "இதை அச்சடிச்சது யாரு?"

வக்கீல் அடியில் இருந்ததைப் படித்தார். "ஒரு பெயின்ட் கடை, கனம் கோர்ட்டார் அவர்களே."

"மாசத்துக்கு எத்தனை நாள்னு முடிவு பண்ற அதிகாரம் பெயின்ட் கடைக்கு உண்டா?"

அரசு வக்கீல் உடனே எழுந்தார். "அப்படி ஒரு அதிகாரம் அந்தக் கடைக்கு வழங்கப்பட்டதா அரசுப் பதிவேடுகள்ல இல்லை."

"அரசோட நிலைப்பாடு என்ன? ஜூன் முப்பத்தொண்ணு உண்டா, இல்லையா?"

"அந்தத் தேதி விஷயத்துல அரசு நடுநிலை வகிக்குது, கனம் கோர்ட்டார் அவர்களே."

அம்மையார் முன்னால் சாய்ந்தார். "நான் வேற கோணத்துல கேக்கறேன். அந்தத் தேதி இன்னும் வரலையா, இல்லை நாம யாரும் கவனிக்காதப்போ வந்துட்டுப் போயிடுச்சா?"

கோர்ட் முழுக்க ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பின்வரிசை வக்கீல்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். நம் வக்கீல் பதில் சொல்ல வாயெடுத்தார். தலைமை நீதிபதி கையைத் தூக்கினார்.

"பதில் வேண்டாம். கேள்வியோட ஆழம் கெட்டுடும்."

அன்றைய விசாரணை அத்தோடு முடிந்தது. நல்ல கேள்வி ஒன்று விழுந்துவிட்டால் அன்றைக்குக் கலைந்துவிடுவது அங்கே வழக்கம் என்று வக்கீல் விளக்கினார். அடுத்த வாய்தா ஜனவரியில்.

ஜனவரியில் மூவரும் வக்கீல்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். ஒருவர் கேட்ட கேள்வியை மடக்க மற்றவர் ஒரு கேள்வி கேட்டார். அதை மடக்க மூன்றாமவர் ஒன்று. நடுவில் நின்ற வக்கீலின் தலை இடமும் வலமும் திரும்பித் திரும்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. நாள் என்றால் சூரியன் உதிப்பதா, தேதி கிழிப்பதா? கைதிக்குள் இருப்பது நாளா, நாளுக்குள் இருப்பது கைதியா? கைதி என்ற சொல் வந்தபோது தையல்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் அவனைப் பற்றி அத்தோடு பேச்சில்லை. அவன் பெயர் ஃபைலின் மேலட்டையில் இருந்தது. ஃபைலின்மேல் தலைமை நீதிபதியின் தண்ணீர் டம்ளர் இருந்தது.

ஏப்ரலில் அவளையே எழுந்து நிற்கச் சொன்னார்கள். அது பெரிய கௌரவம் என்று வக்கீல் காதில் முணுமுணுத்தார்.

"நீங்க என்ன தொழில் பண்றீங்கம்மா?" என்றார் தலைமை நீதிபதி, மிகவும் கனிவாக.

"பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கறேங்க."

"ஜூன் மாசம் முப்பதோட முடியுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பள்ளிக்கூடம் ஜூலை ஒண்ணாம் தேதி திறக்கும்ங்க. முப்பதாம் தேதி உட்கார்ந்து கடைசி பட்டன் வச்சு முடிப்பேன். விடிஞ்சா ஒண்ணாம் தேதிங்க. நடுவுல வேற ஒரு நாளும் இருந்ததில்லை. இருந்தா நல்லா இருக்குமேன்னு நினைச்சிருக்கேன்."

"இதை எத்தனை வருஷமாக் கவனிக்கறீங்க?"

"இருபத்திரண்டு வருஷம்ங்க."

இருமல்காரர் இருமினார். "இருபத்திரண்டு வருஷம் வராதது இருபத்துமூணாவது வருஷம் வராதுன்னு சொல்ல முடியுமா?"

தன் கேள்வி அவருக்கே பிடித்திருந்தது போலும். தலையாட்டிக்கொண்டே ஏதோ எழுதினார்.

அம்மையார் கேட்டார்: "நீங்க என்ன வேண்டிக் கேக்கறீங்க?"

"என் தம்பியை விடச் சொல்லுங்கம்மா. பத்து மாசம் அதிகமா இருந்துட்டான். அவன் பொண்ணுக்கு அவன் வர்ற நாளுக்குன்னு தைச்ச கவுனை இதோட மூணு தடவை மடிப்பைப் பிரிச்சு இறக்கிட்டேன். இனிமே பிரிக்க மடிப்பு இல்லை."

மூன்று பேரும் அதைக் கேட்டு நெகிழ்ந்தார்கள். அம்மையார் கண்ணைத் துடைத்ததைத் தையல்காரி பார்த்தாள். தீர்ப்பு கோடை விடுமுறைக்குப் பிறகு என்று அறிவித்தார்கள்.

விடுமுறை ஜூன் மாதம் முழுவதும். வருடா வருடம் அப்படித்தான். அதனால் ஜூன் எத்தனாம் தேதி முடிகிறது என்பதில் அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் நேரடி அனுபவம் கிடையாது. தையல்காரி மட்டும் அந்த ஜூன் முப்பதாம் தேதியும் கடைசி பட்டனை வைத்து முடித்துவிட்டு, மறுநாள் ஜெயில் வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். ஜெயிலர் தூரத்திலிருந்தே கையை விரித்தார். "இந்த வருஷமும் வரலைம்மா," என்றார்.

தீர்ப்பு நாள் ஜூலையில் வந்தது. கோர்ட்டில் உட்கார இடமில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

தலைமை நீதிபதி முதலில் படித்தார். சூரியனில் ஆரம்பித்தார். மதிய இடைவேளைக்குச் சற்று முன்பு விஷயத்துக்கு வந்தார். "ஜூன் முப்பத்தொன்று என்பதை ஜூன் முப்பது என்றே வாசிக்க வேண்டும். ஆகவே மனுதாரரின் சகோதரரை உடனே விடுதலை செய்ய வேண்டும்."

தையல்காரி அழுதுவிட்டாள். வக்கீல் அவள் முழங்கையைத் தொட்டார். "பொறுங்கம்மா, இன்னும் ரெண்டு பேர்."

இருமல்காரர் நீளமாக இருமினார். "என் கற்றறிந்த சகோதரரின் அறிவுக்கு முன் நான் தலைவணங்குகிறேன். வணங்கியபடியே முழுமையாக மாறுபடுகிறேன். முப்பத்தொன்றை முப்பது என்று வாசித்தால் தண்டனையில் ஒரு நாளை நாம் திருடுகிறோம். திருட்டுக்கு இந்த மன்றம் உடந்தையாகாது. முப்பதுக்கு அடுத்த நாள் ஜூலை ஒன்று. அதுவே சரியான தேதி. முப்பது என்ற வாசிப்பை நிராகரிக்கிறேன். ஜூலை ஒன்று எப்போதோ கடந்துவிட்டபடியால், கைதியை உடனே விடுதலை செய்ய வேண்டும்."

இரண்டு பேர் ஆயிற்று. தையல்காரி விரல் விட்டு எண்ணினாள். மூன்றில் இரண்டு போதும் என்பது அவளுக்குத் தெரியும்.

அம்மையார் குரல் தழுதழுக்கப் படித்தார். கவுனைப் பற்றியே ஆறு பக்கம் எழுதியிருந்தார். "என் இரு சகோதரர்களும் இல்லாத தேதிக்கு உயிர் கொடுக்கப் பார்க்கிறார்கள். ஒருவர் அதைச் சுருக்குகிறார், ஒருவர் நீட்டுகிறார். இரண்டையும் நிராகரிக்கிறேன். அந்தக் கட்டம் வெறுமையானது என்றே கொள்ள வேண்டும். கட்டம் வெறுமையானால் ஒருவரை அடைத்துவைக்க உத்தரவே இல்லை. ஆகவே அந்தத் தந்தையை இந்த நொடியே விடுதலை செய்ய வேண்டும்."

தையல்காரி கைகூப்பிக்கொண்டு எழுந்தே விட்டாள். மூன்று பேரும் விடச் சொல்லிவிட்டார்கள்.

அப்போது கீழே உட்கார்ந்திருந்த பதிவாளர் எழுந்தார். தீர்ப்பின் முடிவை எண்ணிச் சொல்வது அவர் வேலை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

"ஜூன் முப்பது என்று வாசித்து விடுதலை செய்ய: ஆதரவு ஒன்று, எதிர்ப்பு இரண்டு. தோல்வி. ஜூலை ஒன்று என்று வாசித்து விடுதலை செய்ய: ஆதரவு ஒன்று, எதிர்ப்பு இரண்டு. தோல்வி. கட்டம் வெறுமை என்று கொண்டு விடுதலை செய்ய: ஆதரவு ஒன்று, எதிர்ப்பு இரண்டு. தோல்வி. வேறு காரணம் எதுவும் முன்வைக்கப்படவில்லை. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது."

உடனே கைதட்டல். கோர்ட்டில் கை தட்டக் கூடாது, ஆனாலும் தட்டினார்கள். ஒரே வழக்கில் மூன்று மாறுபட்ட தீர்ப்புகள் வந்ததே இல்லை. ஒருவர்கூட ஒத்துப்போகவில்லை.

தையல்காரி கும்பிட்ட கையோடு நின்றாள். "ஐயா," என்றாள். "மூணு பேருமே விடணும்னு சொன்னீங்களே."

பதிவாளர் அவளை அடக்கப் பார்த்தார். தலைமை நீதிபதி தடுத்தார். அவர் முகத்தில் அவ்வளவு கருணை.

"நாங்க மூணு பேரும் சொன்னோம்மா. கோர்ட் சொல்லலை. நாங்க வேற, கோர்ட் வேற. தனி மனுஷங்களா எங்களுக்கு உங்க தம்பிமேல ரொம்ப அனுதாபம். ஆனா காரணத்தை விட்டுக் கொடுத்துட்டு ஒரு ஆளை வெளியே விட்டா, நாளைக்கு நீதின்னு என்னம்மா மிஞ்சும்?"

"ஒருத்தராவது விட்டுக் கொடுத்திருக்கலாமேங்க."

இருமல்காரர் இருமாமலே பேசினார். "எதுக்கும்மா விட்டுக் கொடுக்கணும்? நான் சரியாத்தானே சொன்னேன்?"

அம்மையார் அவளைத் தன் அறைக்கு அழைத்துவரச் சொன்னார். அங்கே மூவரும் அங்கியோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஓவியர் ஒருவர் கரித்துண்டால் அளவு குறித்துக்கொண்டிருந்தார். மூன்று பேரையும் ஒரே சித்திரத்தில் வரைவதா, தனித்தனியாகவா என்பதில் அவர்களுக்குள் மாறுபாடு இருந்தது. மேஜையில் தேநீரும் பிஸ்கட்டும். அம்மையார் தன் கையால் ஒரு பிஸ்கட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "இந்தத் தீர்ப்பு உங்க தம்பி பேர்லதான் வழங்கும்மா. அவர் போன பிறகும் பேர் நிக்கும்," என்றார்.

தலைமை நீதிபதி அங்கியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். "நீங்க தையல்தானே பண்றீங்க? சித்திரத்துல இந்த நூல் தெரியக் கூடாது. ரெண்டு இழை போட்டுடறீங்களா?"

தையல்காரிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வெறுப்பு என்றால் கோபத்தோடு வரும் என்று நினைத்திருந்தாள். இது வயிற்றிலிருந்து வந்தது. பிஸ்கட்டை மேஜையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்து, சித்திரங்கள் தொங்கிய நடைபாதை முடியும்வரை வாயைப் பொத்திக்கொண்டு ஓடி, படிக்கட்டின் ஓரத்தில் வாந்தி எடுத்தாள். காவலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வழக்கு ஜெயித்ததா என்று கேட்டார்.

மறுநாள் ஜெயிலுக்குப் போனாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் தம்பி நின்றான். நரைத்திருந்தான், முப்பத்தேழு வயதுதான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் லாரி ஓட்டுகிறவன்; வழி கேட்டுத் தெரிந்துகொள்ளும்போது எப்படிக் கேட்பானோ அப்படிக் கேட்டான்.

"மூணு பேருமா விடச் சொன்னாங்க?"

"மூணு பேரும்டா."

"ஒருத்தர்கூட எனக்கு எதிரா இல்லையா?"

"இல்லை. ஒருத்தங்க அழவே அழுதாங்க."

தம்பி கம்பிவலையில் நெற்றியைச் சாய்த்து யோசித்தான். "அங்கேதான்கா கெட்டுப்போச்சு. யாராவது ஒருத்தர் இவன் உள்ளேயே கிடந்து சாகட்டும்னு எழுதியிருந்தா, மாறுபட்ட ஆள்னு அவருக்குப் படம் கிடைச்சிருக்கும். மத்த ரெண்டு பேரும் வீம்பு இல்லாம ஒண்ணு சேர்ந்திருப்பாங்க. நான் நேத்தே வீட்டுக்கு வந்திருப்பேன்."

அவள் நேராக வக்கீல் வீட்டுக்குப் போனாள். தம்பி சொன்னதைச் சொன்னதும் வக்கீல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். லாரி ஓட்டுகிறவனுக்கு இவ்வளவு சட்ட அறிவா என்று வியந்தார். மறுபரிசீலனை மனுவுக்கு உடனே தாள் எடுத்தார். எப்படியும் ஒரு நீதிபதியின் மனதையாவது கெடுத்தாக வேண்டும். அதற்கு அவனை நன்றாக அறிந்த யாராவது அவனைப் பற்றி மோசமாக ஒரு வாக்குமூலம் தர வேண்டும். சொந்த அக்காவே தந்தால் அதைவிடக் கனமான சாட்சி கிடையாது.

"அவன் என்னென்ன தப்புப் பண்ணியிருக்கான்? யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

யோசித்தாள். அப்பா இறந்தபோது பதினான்கு வயதில் படிப்பை விட்டு வேலைக்குப் போனான். அவளுக்குத் தையல் மிஷின் வாங்கித் தந்தான். பிரேக் பிடிக்காத அன்று கூட்டத்துப் பக்கம் போகாமல் வண்டியைச் சுவரில் திருப்பினான். எதுவும் உதவாது.

"ஒண்ணுமே இல்லையா?" என்று வக்கீல் ஏமாற்றத்தோடு கேட்டார்.

"எழுதுங்க," என்றாள் தையல்காரி. "இவன் ரொம்பப் பொல்லாதவன். வெளியே வந்தா எனக்கும் இவன் குழந்தைக்கும் ஆபத்து. இவனை எந்தக் காலத்துலயும் விடக் கூடாது."

வக்கீல் எழுதி முடித்து அவள் பக்கம் திருப்பினார். கையெழுத்துப் போடும் இடத்தில், கைதிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. உடன்பிறந்த அக்கா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இது அவனை விடுவிக்கப் போதுமா, இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டாள்.